மரக் கைவினைக்கேற்ற எப்பாக்ஸிப் பிசின்

ஜவ்வாது மலையில் காற்றுக்கு முறிந்த பலாக்கிளையும், ஆசாரி அறுத்தபின் எஞ்சிய பலகைத் துண்டும் அடுப்புக்குப் போவதே வழக்கம். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அத்துண்டுகளில் கண்ணாடி போன்ற எப்பாக்ஸிப் பிசினை ஊற்றி, அலங்காரத் தட்டு, சுவர்க்கடிகாரம் முதலியன செய்து விற்கலாம். ஆனால் இப்பிசின் விலை மிகுந்தது. ஒரு வார்ப்பு கெட்டாலும் மகளிர் குழு கடன்பெற்றுப் போட்ட முதலில் பெரும்பங்கு வீணாகும். ஆதலின், எதை வாங்குவது என்பதை முன்னரே தெளிதல் வேண்டும்.

1946-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அரால்டைட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்த பசையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிசின் ஒரு புட்டியிலும் ஹார்டனர் மற்றொன்றிலும் இருக்கும். இரண்டும் கலந்ததும் வெப்பம் பிறந்து கலவை இறுகுகிறது. தேர்வின் சூட்சுமம் முழுவதும் இவ்வெப்பத்திலேயே அடங்கியுள்ளது.

கடைகளில் கோட்டிங் ரெசின், காஸ்டிங் ரெசின் என இருவகை கிடைக்கும். முன்னது கெட்டியானது, விரைவில் இறுகுவது, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் மேற்பூச்சாக இடுவதற்குரியது. அதையே இரண்டு அங்குல ஆழமுள்ள பொந்தில் ஒரேயடியாக ஊற்றினால், வெப்பம் வெளியேற வழியின்றிப் புகைந்து, மஞ்சளித்து, பிளந்துவிடும். ஆழமான பொந்துக்கு நீர்த்து மெதுவாக இறுகும் காஸ்டிங் ரெசினே ஏற்றது. அதிலும் ஒரு தடவையில் எவ்வளவு கனம் ஊற்றலாம் என்பதைப் புட்டியின்மீது பார்த்தே வாங்குக. பளபளப்பையும் விலையையும் மட்டும் கண்டு வாங்குவோரே பெரிதும் ஏமாறுகின்றனர்.

மலையின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. காவலூரில் 1968 முதல் விண்மீன்களை நோக்கிவரும் அறிஞர்களுக்கு மழைமேகம் எத்துணைப் பகையோ, பிசின் வேலைக்கும் ஈரக்காற்று அத்துணைப் பகை. மேற்பரப்பு வெண்மை படர்ந்து பிசுபிசுக்கும். மார்கழிக் குளிரிலோ கலவை இறுகவே தாமதிக்கும். 20 முதல் 27 டிகிரி வரை வெப்பமுள்ள உலர்ந்த பகற்பொழுதே உகந்தது. மரமும் நன்கு காய்ந்திருத்தல் அவசியம். முதலில் மெல்லிய பூச்சொன்று இட்டு, மரத்தின் நுண்துளைகளை அடைத்தபின் ஊற்றினால் காற்றுக்குமிழிகள் குறையும்.

குளிரில் விரைவாக இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவோர் உண்டு. இது பெருந்தவறு. ஹார்டனர் பிசினோடு குறித்த விகிதத்தில் இணைந்தே கெட்டியாகிறது; மிஞ்சியது இறுகாமல் நின்று பண்டத்தையே கெடுக்கும். புட்டியில் 2-க்கு 1 என்றிருப்பின், அது அளவைக் குவளைக்கா, தராசுக்கா என்றும் நோக்குக. இரண்டு திரவங்களும் ஒரே கனமுடையன அல்ல.

ஹார்டனர் தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் உண்டாகலாம். ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பின்னர் சிறு துளியும் தொல்லை தரும். ஆகவே கையுறை அணிந்து, காற்றோட்டமான திண்ணையில், குழந்தைகளை விலக்கி வைத்துச் செய்க. அடுப்புள்ள அறை ஆகாது. வெயிலில் நிற்கும் பெயர்ப்பலகைக்கு இப்பிசின் பொருந்தாது, மஞ்சளித்துவிடும். உணவுண்ணும் மரத்தட்டுக்கு இதனைப் பூசுவதையும் நாம் விரும்பவில்லை. உலரும் தன்மையுள்ள ஆளிவிதை எண்ணெயே போதும்.

முதலில் மிகச் சிறிய புட்டி வாங்கி, கழிவுத் துண்டொன்றில் ஊற்றி, ஒரு வாரம் கழித்து நகத்தால் அழுத்திப் பார்க்கவும். தடம் பதியாவிடில் அடுத்த புட்டிக்குப் பணம் கொடுக்கலாம்.