குப்பைமேட்டிலிருந்து ஏலக்கூடத்துக்கு

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் அலமகோர்டோ என்றொரு சிறுநகர் உண்டு. 1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அற்றாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனம், விற்பனையாகாது தேங்கிக் கிடந்த தன் சரக்குகளைப் பாரவண்டிகளில் ஏற்றிவந்து அந்நகரின் குப்பைமேட்டிற் புதைத்தது. மேலே கொங்கிறீற்றும் ஊற்றப்பட்டது. ஐந்தே வாரங்களில் அவசரமாக ஆக்கப்பட்டு, 1982 நத்தாருக்குக் கடைக்கு வந்து படுதோல்வி கண்ட 'ஈ.ரி.' என்ற விளையாட்டும் புதைக்கப்பட்டவற்றுள் ஒன்று. 2014 ஏப்ரலில் அக்குப்பைமேடு தோண்டப்பட்டு, ஏறத்தாழ 1,300 விளையாட்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. நசுங்கியும் நாற்றமெடுத்தும் கிடந்த அவற்றுட் பெரும்பகுதியை நகரசபை இணைய ஏலத்தில் விற்றது. கிடைத்த தொகை ஒரு இலட்சம் டொலருக்கு மேல். ஒன்று வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் அரும்பொருளகத்திற் போய்ச் சேர்ந்தது.

வாங்குவாரின்றிப் புதைக்கப்பட்ட பொருளை ஒரு தலைமுறைக்குள் போட்டியிட்டு வாங்குகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதனால் நம் குடும்பங்களுக்கு வரக்கூடிய இலாப நட்டம் யாது என்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். "இது பிள்ளைகளின் சமாசாரம், நமக்கென்ன?" என்று பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நிலவறையிற் கிடக்கும் பழைய பெட்டியை எறிவதா, விற்பதா, வைத்திருப்பதா என்ற வினா இன்று பெற்றோரின் முன்னாலேயே நிற்கின்றது.

நம் இல்லங்களுக்கு வந்த வழி

யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983 யூலையில் தன் நாட்டில் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டி, 1985 ஒக்ரோபரில் நியூயோர்க் கடைகளுக்கு வந்தது. அடுத்தடுத்துச் சேகாவும் சோனியும் தத்தம் பெட்டிகளுடன் போட்டிக்கு இறங்கின. நம்மவர் பெருந்தொகையாகப் புகலிடம் தேடி மேலைநாடுகளுக்கு வந்து சேர்ந்த காலமும் ஏறக்குறைய இதுவே. தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை என்றிருந்த இல்லங்களில், வெளியே பனி கொட்டும் நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்திவைக்கக் கிடைத்த துணைகளுள் இப்பெட்டியும் ஒன்றாயிற்று. பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளிலும், வீட்டு முற்றத்துக் 'கராஜ் சேல்'களிலும், பிள்ளைகள் 'கேம் கசற்' என்றழைத்த விளையாட்டுகளைச் சில டொலருக்கு வாங்கலாம். பின்னர் இறுவட்டுகள் வந்தன. கசற்றுகள் நிலவறைக்குப் போயின. அங்கே அவை கேட்பாரற்றுக் கிடந்த காலத்திலேயே வெளியுலகில் அவற்றின் விலை ஏறிக்கொண்டிருந்தது.

விலை ஏன் ஏறுகின்றது?

முதலாவது காரணம், பொருள் இனி உற்பத்தியாவதில்லை என்பதாகும். நெல்லு விலையேறினால் அடுத்த போகத்திற் கூடுதலாக விதைக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கசற்றை அவ்வாறு விதைக்க இயலாது. எறியப்பட்டவையும் உடைந்தவையும் போக எஞ்சியவையே சந்தையில் உள்ளன. 1987 இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ரேடியம் ஈவன்ற்ஸ்' என்ற விளையாட்டு, வட அமெரிக்கக் கடைகளிலிருந்து விரைவில் மீளப்பெறப்பட்டு வேறு பெயரில் வெளியிடப்பட்டது. அதற்குள் விற்றவை இருநூறு வரையிலேயே இருக்கும் என்பது சேகரிப்போரின் கணிப்பு. 2010 பெப்ரவரியில், வட கரோலினாவைச் சேர்ந்த பெண்ணொருவர் தம் பழைய பெட்டியையும் சில விளையாட்டுகளையும் இணைய ஏலத்தில் இட்டார். அவற்றுள் இவ்விளையாட்டும் இருந்தமையால் அவருக்குக் கிடைத்தது 13,105 டொலர். அதே மாதத்தில், உறை பிரிக்கப்படாத மற்றொரு பிரதி 41,300 டொலருக்குப் போயிற்று.

இரண்டாவது, அன்றைய சிறுவர் இன்று நாற்பது வயதினர்; கையிற் பணம் புழங்குபவர். பத்து வயதிற் கேட்டுக் கிடைக்காததை நாற்பதில் வாங்கி மனந்தேற விழைகின்றனர். 2020 இல் கொள்ளைநோய் உலகத்தை வீட்டுக்குள் பூட்டியபோது இவ்வேட்கை பன்மடங்காயிற்று. ஓராண்டுக்குள் விலைகள் கிடுகிடுவென உயர்ந்தன. பின்னர் ஓரளவு இறங்கியபோதிலும், பழைய நிலைக்கு அவை திரும்பவில்லை.

மூன்றாவது, துணைப்பொருட்களும் அரிதாகி வருகின்றன. வாத்துச் சுடும் விளையாட்டின் துவக்கு, பின்புறம் புடைத்த பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே இயங்கும். திரையில் ஒளிக்கீற்று எக்கணத்தில் தோன்றுகின்றது என்பதை அத்துவக்கு உணர்ந்தே குறி சரியா பிழையா என்று தீர்மானிப்பதால், இன்றைய தட்டைத் திரையில் அது குருடாகிவிடும். ஒருகாலத்தில் நாம் தெருவோரத்தில் இறக்கிவைத்து, எவராவது எடுத்துப் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட பாரமான தொலைக்காட்சிப் பெட்டியை, இன்று காசு கொடுத்துத் தேடுபவர் உளர்.

உறை உடையாத பெட்டி

இதுவரை கூறியவை நியாயமான காரணங்கள். நான்காவது காரணம் வேறு வகையானது. பழைய நாணயங்களுக்கும் சித்திரக்கதைப் புத்தகங்களுக்கும் நடப்பதுபோல், விளையாட்டுப் பெட்டியின் நிலையை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு, திறக்கவியலாத கண்ணாடி போன்ற உறைக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் பெயர்பெற்றது வாட்டா. இவ்வாறு அடைக்கப்பட்டவற்றை ஏலக்கூடங்கள் பெரும் விளம்பரத்துடன் கூறி விற்றன.

2021 யூலையில், ஹெரிற்றேஜ் ஏல நிறுவனத்தில், 'செல்டா' விளையாட்டின் பிரிக்கப்படாத பிரதியொன்று 870,000 டொலருக்கு விலைப்பட்டது. இரண்டே நாட்களில் 'சூப்பர் மாரியோ 64' இன் பிரதியொன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலரை எட்டியது. அடுத்த மாதம், 'சூப்பர் மாரியோ பிறதர்ஸ்' பிரதியொன்று 20 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அரும்பொருட்களை வாங்கிப் பலருக்குப் பங்குகளாகப் பிரித்து விற்கும் நிறுவனமொன்று, அதனை முந்திய ஆண்டில் 140,000 டொலருக்கு வாங்கியிருந்தது.

இங்கே ஒரு விடயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1996 இல் வெளியான 'சூப்பர் மாரியோ 64' உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையான விளையாட்டு. உள்ளிருக்கும் கசற்றில் அபூர்வம் ஏதுமில்லை. எவரும் தொட்டு விளையாடாத புதுமைக்கே அவ்விலை கொடுக்கப்பட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். இந்த யானையோ பிறவாதிருக்கும்வரைதான் பொன். உறையைக் கிழித்துப் பிள்ளையின் கையிற் கொடுத்த அக்கணமே அது சாதாரண விளையாட்டுப் பொருள்.

2022 இல் வாட்டா நிறுவனத்துக்கு எதிராகக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. சந்தை விலையைச் செயற்கையாக உயர்த்தியது என்பது வாதிகளின் குற்றச்சாட்டு. வழக்கு எவ்வாறாயினும், 2021 இல் உச்சத்தில் வாங்கியோர் பலர் பின்னர் விலை சரியக் கண்டனர். சீட்டுக் கட்டிக் கைசுட்டுக்கொண்ட அனுபவம் நம்மவருக்குப் புதிதன்று. எல்லோரும் ஏறுகின்றது என்று சொல்லும் நாளிற் கடைசியாக ஏறுபவனே கீழே விழுகின்றவன்.

பணமில்லாதவன் எங்கே விளையாடுவது?

செல்வர் தம் பணத்தைச் செலவிடுவதில் நமக்கு வழக்கில்லை. ஆயினும் மேலே ஏறும் விலை கீழேயுள்ளதையும் இழுத்துச் செல்கின்றது. ஐந்து டொலருக்கு விற்ற சாதாரணக் கசற்றையும், "இது பழையது" என்று கூறி ஐம்பது கேட்கின்றனர். 2023 இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிதியம் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 இற்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எவ்வழியிலும் விற்பனையில் இல்லை. அவற்றை விளையாட விரும்புபவன் பாவித்ததைத் தேடிப் பெருவிலை கொடுக்க வேண்டும். அன்றேல் சட்டத்துக்குப் புறம்பான பிரதிகளை நாட வேண்டும். இணையக் கடைகளும் நிலையானவை அல்ல. நின்டெண்டோ தன் பழைய கருவிகள் இரண்டுக்கான இணையக்கடைகளை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பாதுகாத்து வைத்த விளையாட்டுகளை ஆய்வாளர் தொலைவிலிருந்து பார்வையிட அனுமதிக்குமாறு விடுக்கப்பட்ட கோரிக்கையை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்ரோபரில் நிராகரித்தது.

இந்நிலையில் மனதுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று ஒன்ராறியோவில் உண்டு. பிராண்ட்போர்ட் நகரிற் கணினி அரும்பொருளகம் நடத்தி, 2018 இல் மறைந்த சிட் போல்ரன் என்பவரின் 14,000 இற்கு மேற்பட்ட விளையாட்டுகள், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாக நூலகத்துக்குச் சென்றுள்ளன. ஏலத்துக்குப் போயிருந்தால் சிதறியிருக்கும் தேட்டம், இன்று மாணவருக்குப் பயன்படுகின்றது.

பெற்றோர் கவனத்துக்கு

நிலவறையிலுள்ள பெட்டியை எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அட்டைப்பெட்டியும் கைநூலும் இருப்பின் அவற்றைக் கசற்றுடன் சேர்த்தே வையுங்கள்; பல வேளைகளில் வெறுங் கசற்றிலும் அவற்றுக்கே மதிப்பு அதிகம். விற்க எண்ணினால், இணையத்தில் எவரோ கேட்கும் விலையைப் பாராது, உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். "எல்லாவற்றையும் இருபது டொலருக்குத் தாருங்கள்" என்று வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் விலை அறிந்தே வருகின்றார். வாங்குவோருக்கும் எச்சரிக்கை தேவை. விலை உயர்ந்த கசற்றுகளுக்குப் போலிகள் பெருகியுள்ளமையால், பெருந்தொகை கொடுக்குமுன் உட்பலகையைத் திறந்து காட்டுமாறு கேளுங்கள். இயங்காத கசற்றை வாயால் ஊதும் பழக்கம் வேண்டாம். எச்சில் ஈரம் செப்புத் தொடுமுனைகளை அரிக்கும். மதுசாரம் தோய்த்த பஞ்சினால் மெதுவாகத் துடைத்தலே முறை. நிலவறையின் ஈரலிப்பும் ஆகாது.

சேமிப்பு என்று கருதி இவற்றை வாங்குதல் கூடாது. வீட்டுக்கடனும் ஊருக்கு அனுப்பும் பணமும் கழுத்தை நெரிக்கும் குடும்பங்களில், மகன் கடனட்டையில் நானூறு ஐந்நூறு டொலருக்குக் கசற் வாங்கினால் அவனைத் திட்டுவதோடு நிறுத்தாது, மேற்சொன்ன கணக்கை அவனுடன் இருந்து பாருங்கள். விளையாடுவதே நோக்கமாயின், பழைய விளையாட்டுகளைத் தொகுத்து நிறுவனங்கள் மீள வெளியிடும் பதிப்புகளும் பொது நூலகங்கள் பலவற்றின் இரவற் சேவையும் மலிவான வழிகள்.

இறுதியாக ஒன்று. 'செல்டா' போன்ற சில கசற்றுகளின் உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம் உண்டு. விளையாடுபவன் தொடக்கத்திற் பதியும் பெயரும், அவன் முன்னேறிய தூரமும் அம்மின்கலத்தின் உயிரில் நிற்கின்றன. புகலிடத்தின் முதற் குளிர்காலத்தில், புதிதாகக் கற்ற ஆங்கில எழுத்துகளால் ஒரு சிறுவன் பதித்த பெயர் இன்றும் சிலவற்றில் இருக்கக்கூடும். மின்கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றும்போது அப்பெயர்கள் அழிந்துபோம். எந்த ஏலக்கூடமும் அப்பெயருக்கு ஒரு சதமும் தராது. ஆகையால், விற்கவோ எறியவோ முடிவெடுக்குமுன், வளர்ந்துவிட்ட அப்பிள்ளையை அழைத்து, ஒருமுறை அதனை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.