முண்ணாண் ஊறுபட்டோர்க்கு உடற்பயிற்சி

எமது கல்லூரியின் மெய்வல்லுநர் போட்டிகளைக் கண்ணுற்றோர் ஒரு காட்சியை மறந்திரார். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு மாணவர் வெண்கோட்டருகே விரலூன்றிக் காத்திருக்கின்றனர். வெடியோசை இன்னும் கேட்கவில்லை. ஓரடியேனும் எடுத்து வைக்கப்படவில்லை. எனினும் அவருள் ஒருவனது நாடியைப் பிடித்துப் பார்ப்போமாயின், அது வழக்கத்திலும் விரைந்து துடிப்பதை அறியலாம். கால்கள் ஓடுமுன்னரே இதயம் ஓட ஆயத்தமாகிவிடுகின்றது. இவ்வாயத்தத்துக்கான கட்டளையின் ஒரு பங்கு மூளையினின்று முண்ணாண் வழியாகவே செல்கின்றது. அவ்வழி அறுபட்ட ஒருவருக்கு உடற்பயிற்சி இயலுமா, இயலுமாயின் எவ்வாறு அளிக்கப்படல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முண்ணாண் என்பது முள்ளந்தண்டின் உட்குழாயில் அமைந்த நரம்புத் தண்டு. வளர்ந்தோரில் அது ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதனின்று 31 சோடி நரம்புகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் 8 சோடி கழுத்துக்கும், 12 சோடி மார்புக்கும், எஞ்சிய 11 சோடி நாரிக்கும் அதன் கீழுள்ள பகுதிகளுக்கும் உரியன. கழுத்துப் பகுதியில் ஊறு நேர்ந்தால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். அதற்குக் கீழே நேர்ந்தாற் கைகள் தப்பும், கால்கள் பாதிக்கப்படும். இது யாவரும் கண்ணாற் காண்பது. கண்ணுக்குப் புலனாகாத இழப்புக்களும் உள. இதயத்தை விரைவுபடுத்துவதும், குருதிக்கலன்களை ஒடுக்குவதும், வியர்வையைச் சுரப்பிப்பதும் பரிவு நரம்புகளின் தொழில். அவை மார்புப் பகுதியிலும் நாரியின் மேற்பகுதியிலும் முண்ணாணிலிருந்து வெளிப்படுகின்றன. ஆதலின் கழுத்தில் முண்ணாண் முற்றாக அறுபட்டால், இதயமும் தோலும் மூளையின் நேரான ஆணையைப் பெரும்பாலும் இழந்துவிடும்.

முதலாம் உலக யுத்தத்திலே இவ்வாறு ஊறுபட்ட வீரருட் பெரும்பாலோர் நெடுநாள் உயிர்வாழ்ந்திலர். அவர்களை மாய்த்தது பெரும்பாலும் முறிந்த என்பு அன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப் பாதையிற் பற்றிய கிருமியுமேயாம். இவர்களுக்குச் செய்யத்தக்கது யாதுமில்லை என்பதே அக்கால வைத்தியர் பலரின் துணிபாயிருந்தது. அத்துணிபை மாற்றியவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மான். 1899இல் ஜேர்மனியிற் பிறந்த இவர், 1917இல் வைத்தியசாலையொன்றில் ஊழியராயிருந்தபோது, முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் கைவிடப்பட்டுச் சில வாரங்களில் இறந்ததைக் கண்டார். நரம்பு வைத்தியத்திற் புகழ்பெற்ற பின், யூதராகிய இவர் நாஸிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்தார். 1944 பெப்ரவரி 1ஆம் திகதி ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் முண்ணாண் சிகிச்சைப் பிரிவு இவர் பொறுப்பில் ஆரம்பமாயிற்று.

அங்கே குட்மான் முதலிற் செய்வித்தது எளிய காரியம். நோயாளரை இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்குமாறு பணித்தார். புண் குறைந்தது, உயிர்கள் தப்பின. அடுத்து, தப்பிய உயிருக்குத் தொழில் வேண்டுமென்று பயிற்சியையும் விளையாட்டையும் சிகிச்சையின் அங்கமாக்கினார். வில்வித்தை தோளையும் முதுகையும் உரப்படுத்தி, அமர்ந்த நிலையில் உடலைச் சமன் செய்யப் பழக்குவதால் அதனை விசேடமாக விரும்பினார். 1948 யூலை 29ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே தினத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அவ்வைத்தியசாலைப் புற்றரையில் வில்வித்தைப் போட்டியிட்டனர். 1960இல் உரோமாபுரியில் 23 நாடுகளின் வீரர் கூடினர். இன்று பராலிம்பிக் எனப்படும் பெருவிழாவின் தோற்றம் இதுவே.

இனி இப்பயிற்சியின் உடற்றொழிலியலை நோக்குவோம். முதலாவது, நாடித்துடிப்பு. சாதாரண இளைஞன் ஒருவன் முழுமூச்சாக ஓடுங்கால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 முறை துடிக்கும். கழுத்தில் முழுமையான ஊறுபட்டவரில் அது பொதுவாக 130ஐக் கடப்பதில்லை. ஆதலின் நாடியை எண்ணி அவரது முயற்சியை அளத்தல் தவறாகும். பேச முடிகின்றது, ஆயின் பாட முடியவில்லை என்னும் அளவுக்கு மூச்சு வாங்குமாயின், அது நடுத்தரமான பயிற்சி எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, வெப்பம். ஊறுபட்ட இடத்துக்குக் கீழ் வியர்வை சுரத்தல் குன்றும் அல்லது அற்றுப்போகும். எம்முடையது போன்ற வெப்ப நாட்டில் இது சிறு விடயமன்று. நிழலும் காற்றும் உள்ள இடமும், முகத்திலும் கைகளிலும் தெளிக்கக் குளிர்ந்த நீரும், காலை அல்லது மாலை வேளையும் இவர்களுக்கு இன்றியமையாதன.

மூன்றாவது, குருதியமுக்கம். ஆறாவது மார்பு நரம்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ ஊறுபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்புதல், மலச்சிக்கல், இறுகிய ஆடை போன்ற அற்ப காரணங்களாற் குருதியமுக்கம் திடீரென ஆபத்தான அளவுக்கு உயரலாம். கடுந்தலைவலியும், முகஞ்சிவத்தலும், ஊறுபட்ட இடத்துக்கு மேல் வியர்த்தலும் இதன் அறிகுறிகள். அவரை உடனே நிமிர்த்தி இருத்தி, ஆடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழிசெய்து, விரைவில் வைத்திய உதவியை நாடல் வேண்டும். இதனை வீட்டார் அறிந்திருப்பது உயிர்காக்கும்.

நான்காவது, தசையும் என்பும். தொழிலிழந்த கால்களிற் தசை மெலியும். பாரந்தாங்காத என்பு வலுக்குன்றிச் சிறு விபத்திலும் முறியும். உடலின் பெருந்தசைகள் ஓய்ந்துவிடுவதால் நீரிழிவும் இதயநோயும் அணுகுதல் எளிதாகின்றது. ஆகவே எஞ்சிய தசைகளுக்குப் பயிற்சி இரட்டிப்பு அவசியம். முண்ணாணின் கீழ்ப்பகுதியும் அங்கிருந்து தசைக்குச் செல்லும் நரம்பும் கெடாதிருப்பின், தோலின் மேல் மின்வாய்களைப் பொருத்திச் சிறு மின்னோட்டத்தாற் கால்களைத் தூண்டி, நிலையான துவிச்சக்கரவண்டியை மிதிக்கச் செய்யும் முறையும் உண்டு. இது அறுபட்ட முண்ணாணை ஒட்டவைப்பதன்று; ஆயினும் மெலிந்த தசையை வளர்த்து, குருதியோட்டத்தைப் பெருக்கும்.

எவ்வளவு பயிற்சி போதும்? 2017இல் சர்வதேச அறிஞர் குழுவொன்று வெளியிட்ட வழிகாட்டலின்படி, உடல் உரம் பெற வாரத்தில் இரு முறை 20 நிமிடம் மூச்சுவாங்கும் பயிற்சியும், தொழிற்படும் பெருந்தசைகளுக்கு இரு முறை பளுப்பயிற்சியும் செய்தல் வேண்டும். நீரிழிவு, இதயநோய் என்பவற்றின் அபாயத்தைக் குறைக்க வாரத்தில் மூன்று முறை 30 நிமிடம் வேண்டும். ஊறுபட்டு ஓராண்டு கழிந்தோர்க்கு இது பொருந்தும். அதற்கு முற்பட்ட காலத்தில் வைத்தியர் சொற்படியே நடத்தல் வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளுதலும், கைகளாற் சுழற்றும் வண்டியும், நீச்சலும் ஏற்றவை. நாள்தோறும் உடலின் பாரத்தைச் சுமக்கும் தோள்மூட்டே எளிதிற் பழுதுறுவது; எனவே முன்னோக்கித் தள்ளும் தசைகளோடு, பின்னோக்கி இழுக்கும் தசைகளையும் சமமாக உரப்படுத்தல் வேண்டும்.

எமது நாட்டில் இவ்வூறு அரிதன்று. பனையிலும் தென்னையிலுமிருந்து வீழ்ந்தோரும், வீதி விபத்திற் சிக்கினோரும், யுத்தத்திற் காயமுற்றோரும் எம்மிடையே வாழ்கின்றனர். மரத்திலிருந்து வீழ்ந்தவரைப் பதற்றத்தாற் கைகால் பிடித்துத் தூக்கி வாகனத்தில் மடக்கி ஏற்றுவது, முறிந்த என்பினால் முண்ணாணை மேலும் நசுக்கும். கழுத்தும் முதுகும் வளையாது, பலகையொன்றிற் கிடத்திப் பலர் சேர்ந்து ஒருமிக்கத் தூக்குதலே முறை. இதனை மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் கடன்.

வைத்தியசாலையிலிருந்து மீண்டவரை அன்பின் மிகுதியால் அறையொன்றிற் கிடத்தி, "அசையாதே, அலட்டிக்கொள்ளாதே" என்று பணிவிடை செய்வோர் பலர். அவ்வன்பு அவரை மெல்ல மெல்ல நலிவுறச் செய்கின்றது. இயக்கம் சுகமடைந்த பின் கிடைக்கும் பரிசன்று. சுகமடைவதற்கான மருந்தே அதுதான். மருந்தாதலின் அதற்கு அளவும் உண்டு, பத்தியமும் உண்டு. குட்மானின் வாழ்வு எமக்கு உணர்த்துவது இதுவே.

பழைய மாணவர் நாம் இவ்விழாக் காலத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு காலத்தில் எம்முடன் இம்மைதானத்தில் ஓடிய தோழர் ஒருவர் இன்று சக்கர நாற்காலியில் வருவாராயின், எமது மண்டபத்தின் முன்வாயிலால் அவர் பிறர் தூக்காமல் உள்ளே புகக்கூடுமா? படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைக்கச் சிறு தொகையே போதும். அவர் தாமே சில்லை உருட்டி மேலேறி வரும் அம்முயற்சியும் ஒரு தேகாப்பியாசமே.