தௌலதாபாத் கோட்டை: பாறையும் களஞ்சியமும்

மகாராஷ்டிர மாநிலத்தில், முன்னாளில் ஔரங்காபாத் என வழங்கிய சத்ரபதி சம்பாஜிநகருக்கு வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியினின்று கூம்பு வடிவில் எழுந்து நிற்கும் குன்று ஒன்று உண்டு. அதன் உயரம் ஏறக்குறைய 200 மீட்டர். இந்திய நாட்டின் இடைக்காலக் கோட்டைகளுள் மிக வலியது எனப் புகழ் பெற்ற தௌலதாபாத் கோட்டை இக்குன்றின்மீதும் இதன் அடிவாரத்திலும் அமைந்துள்ளது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாதவ மன்னன் பில்லமன் இவ்விடத்தைத் தன் தலைநகராகக் கொண்டான். அக்காலத்தில் இதன் பெயர் தேவகிரி. 1327ஆம் ஆண்டில் முகம்மது பின் துக்ளக் தில்லியிலிருந்து தலைநகரை இங்கு மாற்ற முற்பட்டபொழுது தௌலதாபாத் என்னும் பெயர் நிலைபெற்றது. அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் பாமினி சுல்தான்களும், அகமதுநகர் நிஜாம்ஷாஹி மன்னர்களும், மொகலாயரும் ஒருவர்பின் ஒருவராக இக்கோட்டையை ஆண்டனர்.

பாறையை அரணாக்கிய திறம்

இக்குன்று எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையால் ஆனது. தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதியை மூடியிருப்பதும், அருகிலுள்ள எல்லோராவில் குடைவரைகளாகச் செதுக்கப்பட்டதும் இவ்வினப் பாறையே. எல்லோராச் சிற்பியர் பாறையைக் குடைந்து கோயிலாக்கினர். இங்கோ குன்றின் அடிப்பகுதி சுற்றிலும் சுமார் 50 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாகச் செதுக்கப்பட்டது. இதனால் கைப்பிடிக்கவோ கால் வைக்கவோ இடமில்லாத இயற்கைச் சுவர் ஒன்று உருவாயிற்று. அதன் அடியில் பாறையையே வெட்டி அகழி அமைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இபின் பதூதா, தோலால் ஆன ஏணி வழியாகவே உச்சிக் கோட்டைக்கு ஏற இயலும் என்றும், இரவில் அவ்வேணி மேலே எடுக்கப்பட்டுவிடும் என்றும் எழுதியுள்ளார்.

குன்றின் வெளியே அம்பர்கோட், மகாகோட், காலாகோட் என மூன்று மதில்கள் உள்ளன. வாயில்கள் நேர் வரிசையில் இராமல் வளைந்து வளைந்து செல்லுமாறு அமைந்துள்ளன. யானைகள் விரைந்து வந்து கதவை மோதுவதற்குரிய நேர்வழி கிடைக்காமற் செய்தலே இதன் நோக்கம். கதவுகளில் கூரிய இரும்பு முட்களும் பதிக்கப்பட்டன.

அகழியைக் கடந்தால் 'அந்தேரி' எனப்படும் இருட்டுச் சுரங்கம் எதிர்ப்படும். பாறையைக் குடைந்து ஆக்கப்பட்ட இவ்வழி பல திருப்பங்களும் ஒழுங்கற்ற படிகளும் உடையது. மேல் முனையை இரும்புத் தகட்டால் மூடி, அதன்மீது தீ மூட்டுவர். அத்தீக்குக் காற்று கிடைக்கும்பொருட்டுப் பாறையில் துளையொன்றும் இடப்பட்டிருந்தது. சுரங்கத்தினுள் அகப்பட்ட பகைவர் புகையாலும் வெப்பத்தாலும் மேற்செல்ல இயலாது.

வீழ்ச்சியின் காரணம்

இத்துணை வலிய கோட்டையும் பகைவர் கையில் வீழ்ந்தது. 1296ஆம் ஆண்டில் அலாவுதீன் கில்ஜி திடீரெனப் படையெடுத்து வந்தபொழுது, யாதவ மன்னன் இராமச்சந்திரனின் பெரும்படை வெளியே சென்றிருந்தது. மன்னன் கோட்டைக்குள் அடைபட்டான். அவசரத்தில் உள்ளே சேர்த்த மூட்டைகளைப் பின்னர் அவிழ்த்துப் பார்த்தபொழுது, அவற்றில் தானியத்திற்குப் பதிலாக உப்பு இருந்ததாம். சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பெரிஷ்டா இச்செய்தியைக் கூறுகிறார். முழுதும் மெய்யோ அன்றோ, மன்னன் பெரும்பொருள் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது வரலாறு.

1633ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. மொகலாயத் தளபதி மகாபத்கான் முற்றுகையிட்டு, வெளி மதில்களின் கீழ் வெடிமருந்து வைத்துத் தகர்த்தான். எனினும் குன்றின் பாறை தகரவில்லை. உள்ளே உணவு தீர்ந்தது, நோயும் பரவியது. மாலிக் அம்பரின் மகன் பதேகான் கோட்டையை ஒப்படைத்தான். சிறுவனாகிய நிஜாம்ஷாஹி அரசன் குவாலியர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டான்.

படிப்பினை

ஆகவே இக்கோட்டையின் வரலாறு போரின் வரலாறு மட்டுமன்று. உணவு, நீர் ஆகியவற்றின் வரலாறுமாகும். யானைக்குளம் எனப்படும் பெரிய நீர்த்தேக்கமும், சுட்ட மண் குழாய்களும், கிணறுகளும் இதனை உணர்ந்தோர் செய்த ஏற்பாடுகளே. வறண்ட தக்காணத்தில் மழைநீரைத் தேக்கி வைத்தல், மதில் எழுப்புவதற்கு நிகரான பாதுகாப்புப் பணியாயிற்று.

மாணவர்களை இங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பீரங்கிகளையும் சந்த் மினாரையும் மட்டும் காட்டி நிறுத்திவிடலாகாது. குளங்களின் முன்னும் சிறிது நேரம் நிற்கச் செய்தல் வேண்டும். கிராமத்துக் களஞ்சியத்தையும் ஏரிக்கரையையும் பேணும் பணியாளர்க்கும் இக்கோட்டையில் கற்கத்தக்க பாடம் உண்டு. பாறை பகைவனைத் தடுக்கும். பசியைத் தடுக்க வல்லது முன்கூட்டிச் சேமித்த தானியமும் நீருமே.