இன்சுலின் பம்ப் அணியும் குழந்தைக்கு எந்த இன்ஃப்யூஷன் செட்?

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஆவடிப் பகுதியிலிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பெற்றோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். விடியற்காலையிலிருந்து வாந்தி. இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. முதல் நாள் திருமண விருந்தில் உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். இரவில் சர்க்கரை உயர்ந்ததைக் கண்ட தாய், இருமுறை பம்ப் வழியாகவே கூடுதல் இன்சுலின் கொடுத்திருந்தார். இரண்டும் செலுத்தப்பட்டதாகவே பம்பின் திரை காட்டியது. ஆனால் வயிற்றில் ஒட்டியிருந்த செட்டை எடுத்துப் பார்த்தபோது, தோலுக்கடியில் நேராக நின்றிருக்க வேண்டிய மெல்லிய குழாய் ‘ட’ எழுத்தைப் போல மடங்கியிருந்தது. முந்தைய இரவு உறங்கச் செல்லுமுன் மாற்றப்பட்ட செட் அது.

சிகிச்சைக்குப் பின் சிறுமி நலமுடன் வீடு திரும்பினாள். அந்தத் தாய் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் செலுத்தும் கவனத்தில் பாதியைக்கூட, அதன் முனையில் இருக்கும் இந்தச் சிறு குழாயின்மீது செலுத்துவதில்லை என்பதே உண்மை. எங்கள் புறநோயாளர் பிரிவில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் ‘எந்த செட் நல்லது?’ என்ற கேள்விக்கு விரிவான விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செட் ஏன் இவ்வளவு முக்கியம்?

1963-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கடிஷ் உருவாக்கிய முதல் இன்சுலின் பம்ப், முதுகில் சுமக்கும் பை அளவுக்குப் பெரியதாக இருந்தது. இன்று அது சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது. எனினும் குழாயுள்ள எந்தப் பம்பாக இருந்தாலும், அதிலுள்ள இன்சுலின் உடலுக்குள் செல்ல ஒரே வழி, தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கும் ஒரு நுண்குழாயோ ஊசியோதான். அதனையும், அதனைப் பம்புடன் இணைக்கும் நீண்ட டியூபையும், தோலில் ஒட்டும் பட்டையையும் சேர்த்தே இன்ஃப்யூஷன் செட் என்கிறோம்.

ஊசி வழியாக இன்சுலின் பெறும் குழந்தையின் உடலில், நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் ஓரளவு இருப்பாக இருக்கும். பம்பில் விரைவாகச் செயல்பட்டு விரைவாகத் தீரும் இன்சுலின் மட்டுமே உண்டு. ஆகவே செட் மடங்கினாலோ, அடைபட்டாலோ, கழன்றாலோ, சில மணி நேரத்திலேயே உடலில் இன்சுலின் தீர்ந்து கீட்டோன் என்னும் அமிலப்பொருள் சேரத் தொடங்கும். வாந்தியும் வயிற்று வலியும் அதன் அடையாளங்கள்.

பம்பில் அடைப்பை அறிவிக்கும் அலாரம் இருக்கிறதே எனச் சிலர் கேட்பதுண்டு. டியூபுக்குள் அழுத்தம் போதிய அளவு கூடினால்தான் அந்த அலாரம் ஒலிக்கும். மணிக்கு 0.2 அல்லது 0.3 யூனிட் மட்டுமே பெறும் சிறு குழந்தைக்கு அந்த அழுத்தம் சேரவே பல மணி நேரம் ஆகலாம். செட் கழன்று இன்சுலின் வெளியே கசிந்தால் அழுத்தமே கூடாது. எனவே அலாரமும் ஒலிக்காது. பம்பின் திரை காட்டுவது, பம்பை விட்டு வெளியேறிய அளவை மட்டுமே; உடலுக்குள் சென்ற அளவை அன்று.

மூன்று வகைகள்

முதல் வகை, தோலில் செங்குத்தாக இறங்கும் டெஃப்லான் குழாய். பெரும்பாலும் 6 மி.மீ., 9 மி.மீ. ஆகிய இரு நீளங்களில் கிடைக்கிறது. பொருத்தும் கருவியின் பொத்தானை அழுத்தினால் ஊசி இறங்கும். ஊசியை உருவியபின் மென்மையான குழாய் மட்டும் உள்ளே நிற்கும். பொருத்துவது எளிது, ஊசியைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு ஏற்றது. ஆனால் மென்மையே இதன் குறையும் ஆகும். கொழுப்பு குறைந்த இடத்தில் தசையைத் தொட்டால் மடங்கிவிடும்.

இரண்டாம் வகை, சாய்வாக இறங்கும் டெஃப்லான் குழாய். 13 அல்லது 17 மி.மீ. நீளமுடையது. எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். சாய்ந்து செல்வதால் இது இறங்கும் ஆழம் குறைவே. ஒல்லியான குழந்தைகளுக்கும், ஓடியாடி விளையாடும் சிறுவர்களுக்கும் இது நன்கு பொருந்தும். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தை வெளியிலிருந்தே பார்க்க முடிவதால், கசிவையும் சிவப்பையும் எளிதில் கண்டுகொள்ளலாம். பொருத்தும் ஊசி நீளமாகத் தெரிவதும், சரியான கோணத்தைப் பழக வேண்டியிருப்பதும் இதன் சிரமங்கள்.

மூன்றாம் வகை, எஃகு ஊசி. மயிரிழை போன்ற இவ்வூசி தோலுக்குள்ளேயே தங்கும். 6, 8 மி.மீ. போன்ற நீளங்களில் கிடைக்கிறது. இது மடங்காது, டெஃப்லான் ஒவ்வாதவர்க்கும் உகந்தது. ஊசிக்குச் சற்றுத் தள்ளி இரண்டாவது பட்டை ஒன்று ஒட்டப்படுவதால், டியூப் எங்கேனும் மாட்டி இழுபட்டாலும் ஊசி எளிதில் பிடுங்கப்படாது. தவழும் குழந்தைகளுக்கும், டெஃப்லான் குழாய் அடிக்கடி மடங்கும் குழந்தைகளுக்கும் இதனையே முதலில் பரிந்துரைக்கிறோம். ஊசி உள்ளேயே இருப்பதால் சில குழந்தைகள் உறுத்தலை உணர்வர். இதனை 2 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உங்கள் குழந்தைக்கு எது?

குழந்தைகளின் தோல் ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பே உடையது. அதற்குக் கீழுள்ள கொழுப்பு அடுக்கில்தான் இன்சுலின் சேர வேண்டும். ஆகவே செங்குத்து வகையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மி.மீ. போதும். அதுவும் மடங்கினால் சாய்வு வகைக்கோ எஃகு ஊசிக்கோ மாறுவதே முறை. நீளத்தைக் கூட்டுவது தீர்வாகாது.

டியூபின் நீளமும் கருதத்தக்கது. சுமார் 45 முதல் 110 செ.மீ. வரை பல நீளங்களில் கிடைக்கிறது. பம்பை இடுப்பிலும் செட்டை வயிற்றிலும் அணியும் சிறு குழந்தைக்குக் குறைந்த நீளம் போதும். நீளம் கூடினால் கதவின் கைப்பிடியிலும் பள்ளிப் பையிலும் மாட்டிக்கொள்ளும். பிட்டத்திலோ தொடையிலோ செட்டை அணிந்து, பம்பைச் சட்டைப்பையில் வைக்கும் பெரிய குழந்தைக்கு நீளமான டியூப் தேவைப்படும். டியூபின் இணைப்பு முனை பம்புக்குப் பம்பு மாறுபடுவதால், வாங்குமுன் உங்கள் பம்புக்குப் பொருந்துமா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டில் செட்டை யார் மாற்றுவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெற்றோர் இருவரும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், கழன்ற செட்டைப் பகலில் மாற்றும் பொறுப்பு பாட்டியிடம் வந்து சேரலாம். அவருடைய பார்வைக்கும் கை நடுக்கத்துக்கும் ஏற்ற வகையே அந்த வீட்டுக்கு நல்ல வகை. அவரையும் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள்.

வெயிலும் வியர்வையும் எண்ணெய்க் குளியலும்

நம் பகுதியில் பட்டை கழல்வதற்கு முதற்காரணம் வியர்வை. செட் பொருத்தும் இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, முற்றிலும் உலரவிடுங்கள். கிருமிநாசினி தடவினால் அதுவும் உலர வேண்டும். எண்ணெய், பவுடர், தோல் கிரீம் இருக்கும் தோலில் எந்தப் பட்டையும் நிற்காது. எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளில், குளித்து உடல் உலர்ந்தபின் புது செட் அணியும்படி நாளை அமைத்துக்கொள்வது நலம். மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பயன்படுத்தினால், செட் பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி, பின்னர் நன்கு துடைத்துவிடுங்கள்.

இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். முந்தைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ., தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருக்கட்டும். பாவாடையின் இடுப்புப் பட்டியும் பள்ளிச் சீருடையின் பெல்ட்டும் அழுத்தும் இடங்களைத் தவிருங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து அணிந்தால் அங்கே கொழுப்புக் கட்டி உண்டாகும். வலிக்காது என்பதால் குழந்தைகள் அந்த இடத்தையே விரும்புவர். ஆனால் அங்கே செலுத்தும் இன்சுலின் சீராக இரத்தத்தில் சேராது.

37 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பம்பிலுள்ள இன்சுலின் வீரியம் குன்றும். கத்திரி வெயிலில் விளையாடும்போது பம்பும் டியூபும் நேரடி வெயிலில் படாமல் ஆடைக்குள் இருக்கட்டும். குளிக்கவோ விளையாடவோ பம்பைக் கழற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் இணைத்துவிடுங்கள்.

எத்தனை நாள்? செலவுக்கு என்ன வழி?

டெஃப்லான் செட்டை 2 முதல் 3 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு பெட்டியில் பொதுவாக 10 செட்கள் இருக்கும். மூன்று நாட்களுக்கு ஒன்று எனில் மாதத்துக்கு ஒரு பெட்டி; எஃகு ஊசி எனில் மாதத்துக்கு 15 செட்கள். பம்ப் வாங்கும் முன்பே இந்த மாதச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

செலவுக்கு அஞ்சி ஒரே செட்டை ஐந்து, ஆறு நாட்கள் வைத்திருக்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். அவ்வாறு செய்தால் இன்சுலின் உறிஞ்சப்படுவது குறைந்து, தோலில் தொற்றும் ஏற்படும். பணச் சிரமம் இருந்தால் எங்களிடம் மறைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-இல் வெளியிட்ட முதல் வகை நீரிழிவு வழிகாட்டுதல்கள் ஊசி முறை, பம்ப் முறை ஆகிய இரண்டையும் பேசுகின்றன. பேனா ஊசிக்குச் சில மாதங்கள் திரும்புவது தோல்வி அன்று. நாள் கடந்த செட்டுடன் ஓடும் பம்பைவிட, ஒழுங்காகப் போடப்படும் ஊசி குழந்தைக்குப் பாதுகாப்பானது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

செட்டைக் காலையிலோ மாலைப் பொழுதிலோ மாற்றுங்கள். உறங்கும் நேரத்தில் வேண்டாம். மாற்றி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த இன்சுலினை அறை வெப்பத்துக்கு வந்தபின் நிரப்பினால் காற்றுக்குமிழிகள் குறையும். டியூபில் இன்சுலினை நிரப்பும்போது அது குழந்தையின் உடலோடு இணைந்திருக்கவே கூடாது. மறந்தால் பெருமளவு இன்சுலின் உட்சென்று சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். அகற்றிய ஊசிகளைத் துளைபடாத டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.

சர்க்கரை காரணமின்றி உயர்ந்தால்

சர்க்கரை 250-க்கு மேல் சென்றால் முதலில் செட்டைப் பாருங்கள்: ஈரம், இன்சுலின் வாடை, கழன்ற பட்டை, சிவப்பு உண்டா? இரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன் சோதியுங்கள். கீட்டோன் இல்லையெனில் பம்ப் வழியாக ஒருமுறை திருத்த அளவு கொடுக்கலாம். ஒரு மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்காவிட்டால், அல்லது இரத்தக் கீட்டோன் 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தால், பம்பை நம்பாதீர்கள். நாங்கள் எழுதிக்கொடுத்துள்ள அளவைப் பேனா ஊசியால் போட்டு, செட்டைப் புதிதாக மாற்றுங்கள். கீட்டோன் 1.5-ஐத் தொட்டால் உடனே எங்களை அழையுங்கள். 3-ஐத் தொட்டாலோ, குழந்தை வாந்தியெடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கமாக இருந்தாலோ, நேரே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து எங்களிடமே வர வேண்டும் என்றில்லை. அருகிலுள்ள மருத்துவமனை எதுவோ அதற்குச் சென்று, குழந்தை பம்ப் அணிந்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

பேனா ஊசி, இன்சுலின், கூடுதல் செட் ஒன்று, சர்க்கரை மற்றும் கீட்டோன் சோதனைப் பட்டைகள் ஆகியவை வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதே போன்ற ஒரு சிறு பை பள்ளியிலும் இருக்கட்டும். வெப்பத்தில் கெடும் என்பதால் அதிலுள்ள இன்சுலினைக் குளிர்ந்த இடத்தில் வைக்க ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட சிறுமி இப்போது எஃகு ஊசி செட் அணிகிறாள். பள்ளி விட்டு வந்த பின், மாலையில் மாற்றிக்கொள்கிறாள். வேறொரு குழந்தைக்குச் சாய்வு வகை பொருந்தலாம். மற்றொன்றுக்குச் செங்குத்து வகையே போதுமானதாக இருக்கலாம். அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, கழன்ற செட்கள், மடங்கிய செட்கள் எத்தனை என்று ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். உங்கள் குழந்தைக்குரிய செட்டைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பே எங்களுக்குப் பெரிதும் உதவும்.