பரிசுச் சீட்டில் ஒரு விருந்து

வைப்புத்தொகைப் படிவத்தில் வாடிக்கையாளர் கையொப்பமிடும்போது, "நிபந்தனைகளைப் படித்தீர்களா?" என்று கேட்பது நமது அன்றாட வழக்கம். அவ்வாறு கேட்கும் நாமே, சென்ற ஆண்டு நம் கைக்கு வந்த ஒரு பரிசுச் சீட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மும்பைக் கிளையிலிருந்து நாகபுரிக்கு மாற்றலாகியிருந்த வேளை அது. வெள்ளியன்று நடந்த பிரிவுபசாரத்தில், உடன் பணியாற்றிய பதினான்கு பேர் பணம் சேர்த்து, ஓர் உணவகத்தின் 3,000 ரூபாய்ப் பரிசுச் சீட்டை உறையிலிட்டு வழங்கினர். கிளையைத் துப்புரவு செய்யும் அம்மையாரும் 100 ரூபாய் தந்திருந்தார் எனக் காசாளர் மெல்லக் கூறினார். எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணைவியாருடன் புறப்பட்டோம்.

வாயிலில் கிடைத்த வரவேற்பு, சீட்டைக் காட்டிய கணத்தில் வாடிற்று. சன்னலோர மேசையிலிருந்து சமையலறைக் கதவருகே மாற்றப்பட்டோம். ஞாயிறு பஃபேக்குச் சீட்டு செல்லாதாம். தனித்தனியாகத்தான் வரவழைக்க வேண்டுமாம். நாற்பது நிமிடங்களுக்குப் பின் வந்த பன்னீர் டிக்கா ஆறிப்போயிருந்தது. நானைப் பிய்க்க இரு கைகளும் தேவைப்பட்டன. பருப்பு மட்டும் சூடாக இருந்தது, அதில் உப்பில்லை.

பிறகு பில் வந்தது. உணவு 2,400 ரூபாய், சேவைக் கட்டணம் 240. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்ததையும், தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்ததையும் எடுத்துரைத்தோம். மேலாளர் மறுபேச்சின்றி நீக்கினார். கேட்பவருக்கு மட்டும் நீக்குவார் போலும். இத்தகைய கட்டணம் குறித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஆயினும் ஜிஎஸ்டி 120 ரூபாயைச் சீட்டிலிருந்து கழிக்க இயலாதென்றார். மிச்சமுள்ள 600 ரூபாயைப் பிறிதொரு நாள் பயன்படுத்தவும் இயலாது. இனிப்பாவது கட்டித் தருமாறு துணைவியார் கேட்டார். சீட்டுக்குப் பார்சல் கிடையாது. 600 ரூபாயை மேசையில் விட்டுவிட்டு, 120 ரூபாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தோம். யாவும் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தன, எறும்பளவு எழுத்தில்.

வங்கிகள் வழங்கும் முன்பணப் பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் உண்டு: மதிப்பு 10,000 ரூபாயை மிகலாகாது, குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும், காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் உரியவரை எச்சரிக்க வேண்டும். ஒரு கடை தன்னிடம் மட்டுமே செலவிடத் தரும் சீட்டு அந்நெறிமுறைகளுக்குள் வாராது. அங்கே அச்சிட்ட நிபந்தனையே கணக்கு. ஆகவே வாங்கிப் பரிசளிப்பவர் கடையிலேயே கேட்டுவிடுதல் நலம்: விடுமுறை நாளில் செல்லுமா, வரி அடங்குமா, மீதி நிற்குமா என்று. பெறுபவர் இவற்றைக் கேட்கக் கூசுவார், நாமும் கூசினோம்.

திங்களன்று பொறுப்பை ஒப்படைக்கச் சென்றபோது, அந்த அம்மையார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாப்பாடு எப்படியிருந்தது என மராத்தியில் வினவினார். மிக நன்றாக இருந்தது என்றோம். இனிப்பு என்ன தந்தார்கள் என்றார். நொடிப்பொழுது தயங்கி, குலாப் ஜாமூன் என்றோம்.