561 (எண்)

561 (ஐந்நூற்று அறுபத்தொன்று) என்பது 560-க்கு அடுத்து வரும் ஓர் ஒற்றைப்படை இயற்கை எண் ஆகும். இதன் பகாக் காரணிகள் 3, 11, 17. 1 முதல் 33 வரையுள்ள எண்களின் கூடுதல் 561 ஆதலால் இது ஒரு முக்கோண எண். இப்பண்புகள் வேறு பல எண்களுக்கும் உண்டு. பகு எண்ணாக இருந்தும் பகா எண்ணைப் போலத் தோற்றம் காட்டுவதே 561-இன் தனிச்சிறப்பு.

ஓர் எண் பகா எண்ணா என அறிய, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது பள்ளியில் கற்கும் முறை. மறையாக்கத்தில் பயன்படும், நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களுக்கு இம்முறை உதவாது. அங்கே பெர்மாவின் சிறிய தேற்றம் கைகொடுக்கிறது. ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அப்பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். எடுத்துக்காட்டாக, 2⁶ = 64; இதை 7-ஆல் வகுக்க மீதி 1. மாறாக 2¹⁴ = 16384; இதை 15-ஆல் வகுக்க மீதி 4. எனவே காரணிகளைத் தேடாமலே 15 பகா எண் அன்று எனச் சொல்லிவிடலாம்.

மீதி 1 வந்தால் அது பகா எண்தான் என்று சொல்ல முடியுமா? முடியாது. 341 (11 × 31) என்ற எண் 2-ஐ அடியாகக் கொண்ட சோதனையில் தேறிவிடும். ஆனால் 3-ஐ அடியாகக் கொண்டால் அகப்பட்டுக்கொள்ளும். 561 அப்படியும் அகப்படாது. அதனோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை அடியாகக் கொண்டாலும் மீதி 1-தான். 561-ஐவிடச் சிறிய அத்தகைய அடிகள் 320 உள்ளன, அத்தனையும் ஏமாறும்.

காரணம் எளிது. காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 2, 10, 16 கிடைக்கும். இம்மூன்றும் 560-ஐ மீதியின்றி வகுக்கும். 2¹⁰-ஐ 11-ஆல் வகுக்க மீதி 1. ஆகவே அதன் 56-ஆம் அடுக்காகிய 2⁵⁶⁰-க்கும் மீதி 1. இவ்வாறே 3-க்கும் 17-க்கும். மூன்றிலும் மீதி 1 எனில், அவற்றின் பெருக்கற்பலனாகிய 561-ஆல் வகுத்தாலும் மீதி 1 ஆகத்தானே வேண்டும்!

இத்தகைய பகு எண்கள், 1910-இல் இவற்றை ஆராய்ந்த அமெரிக்கக் கணிதவியலாளர் ராபர்ட் கார்மைக்கேலின் பெயரால் கார்மைக்கேல் எண்கள் எனப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 561. செக் நாட்டவரான வாக்லாவ் சிமெர்கா 1885-இலேயே முதல் ஏழு எண்களைப் பட்டியலிட்டிருந்தார். அது அன்று கவனம் பெறவில்லை. அடுத்தவை 1105, 1729. இராமானுஜன் பெயரோடு நாம் அறிந்த அதே 1729-தான். கார்மைக்கேல் எண்கள் முடிவிலி என்பதை 1994-இல் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் ஆகிய மூவர் நிறுவினர். ஆகவே சில எண்களை மட்டும் விலக்கிவிட்டு பெர்மா சோதனையை நம்புவதற்கு வழியில்லை.

இக்குறையைத் தீர்ப்பது மில்லர்–ராபின் சோதனை. அது 2⁵⁶⁰-ஐ நேராகக் கணக்கிடாமல், 2³⁵-இல் தொடங்கிப் படிப்படியாக வர்க்கப்படுத்துகிறது. 561-ஆல் வகுக்கும்போது 2³⁵, 2⁷⁰, 2¹⁴⁰, 2²⁸⁰ ஆகியவற்றின் மீதிகள் முறையே 263, 166, 67, 1. அதாவது 67² − 1 என்பது 561-ஆல் வகுபடும். 67² − 1 = 66 × 68. 561 பகா எண்ணாயின், 66 அல்லது 68 இரண்டில் ஒன்றையேனும் மீதியின்றி வகுக்க வேண்டும். இரண்டையும் அது வகுக்கவில்லை. எனவே 561 பகு எண். 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொதுக்காரணி 33. 68-க்கும் 561-க்கும் 17. 33 × 17 = 561.