வாசலுக்கு வெளியே இருப்பது யாருடைய இடம்?

நாம் வாழும் தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். பல ஆண்டுகளாக ஒரு வீட்டுக் கிறிஸ்மஸ் பலகாரம் எதிர்வீட்டுக்குப் போகும். அங்கிருந்து பொங்கலும் தீபாவளி முறுக்கும் வரும். அந்த நாளில் ஒரு வீட்டு மகன் கார் வாங்கினார். வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாததால் எதிர்வீட்டு மதிலோரம் நிறுத்தினார். முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் மதிலோரம் இரண்டு பூந்தொட்டிகள் வந்தன. பிறகு மணல் மூட்டைகள் வந்தன. ஒரு நாள் காலையில் காரின் டயரில் காற்று இல்லை. யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பலகாரத் தட்டு அந்தத் தெருவைக் கடக்கவில்லை.

இது நம் தெருவில் மட்டும் நடப்பதல்ல. சென்னையிலும் மற்ற நகரங்களிலும் உள்ள பழைய குடியிருப்புகள் பல, மிதிவண்டியும் ஓரிரு ஸ்கூட்டரும் இருந்த காலத்தில் உருவானவை. இப்போது கட்டப்படும் கட்டடங்களில் வாகனம் நிறுத்த இடம் விட வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கூறுகின்றன. பழைய வீடுகளில் அந்த இடம் இல்லை. இருந்த இடத்தையும் சிலர் கடையாகவோ, வாடகை அறையாகவோ மாற்றிவிட்டார்கள். ஆகவே வண்டிகள் தெருவுக்கு வருகின்றன.

தெருவின் அளவைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். இருபது அடித் தெரு என்பது ஏறக்குறைய 6 மீட்டர். சாதாரணக் கார் ஒன்றின் அகலம் 1.7 மீட்டர் அளவில் இருக்கும். இருபுறமும் கார்கள் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.6 மீட்டர். நம் நாட்டில் வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அகலமும் அதுதான். மதிலை ஒட்டிய சாய்தளம், பூந்தொட்டி, மணல் மூட்டை ஆகியவற்றால் கார் ஓரடி தள்ளி நின்றாலே போதும். தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாது.

"என் வீட்டு வாசலில் நீ எப்படி நிறுத்தலாம்?" என்பதே இந்தச் சண்டைகளில் நாம் முதலில் கேட்கும் கேள்வி. இதற்குச் சட்டம் தரும் பதில் இரு தரப்பினருக்குமே முழுத் திருப்தி தராது.

நமது பத்திரத்தில் எழுதப்பட்ட எல்லையோடு நம் நிலம் முடிகிறது. அதற்கு வெளியே உள்ள தெரு பொதுச்சொத்து. அதைப் பராமரிப்பது மாநகராட்சியோ, நகராட்சியோ, ஊராட்சியோ ஆகும். வாகனம் நிறுத்தும் இடங்களைத் தீர்மானிப்பதும், தடைப் பலகை வைப்பதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அரசின் வேலை. அல்லது அரசு அதிகாரம் அளித்த அமைப்பின் வேலை. நாமாக எழுதித் தொங்கவிடும் "நோ பார்க்கிங்" பலகை ஒரு வேண்டுகோள் மட்டுமே. பூந்தொட்டியும் மணல் மூட்டையும் வைத்துத் தெருவைப் பிடித்து வைப்பது, பொது இடத்தை நாமே ஆக்கிரமிப்பதாகும்.

அப்படியானால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாமா? கூடாது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, ஒருவருடைய வளாகத்தின் நுழைவாயிலை அடைத்து வண்டி நிறுத்தக்கூடாது. நடைபாதையிலும் வளைவிலும் நிறுத்தக்கூடாது. வழியை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. சுருங்கச் சொன்னால், நம் மதிலோரத்துத் தெரு நமக்குச் சொந்தமானது அல்ல. ஆனால் நம் வாசல் வழியாகப் போய்வரும் உரிமை நமக்கு உண்டு. இந்த வேறுபாட்டை இருவரும் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கோபத்தில் டயர் காற்றை இறக்குவதும், ஆணியால் காரைக் கீறுவதும் நியாயமான எதிர்ப்பு ஆகாது. பிறர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவின்கீழ் குற்றம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும், ஓர் ஆணி நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

அந்த இரண்டு வீடுகளின் கதைக்குத் திரும்புவோம். பேச்சு நின்று எட்டு மாதம் ஆனபின், ஓரிரவு எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டது. மணல் மூட்டைகளுக்காகத் தெரு நடுவே தள்ளி நிறுத்தியிருந்த கார் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மூட்டைகளை வைத்தது பெரியவரின் வீட்டார். காரை நிறுத்தியது எதிர்வீட்டார். காரை எடுக்கச் சொல்ல அந்த வீட்டுத் தொலைபேசி எண்கூட இவர்களிடம் இல்லை. பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தெருமுனை வரை தூக்கிச் சென்றார்கள். இறைவன் அருளால் அவர் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் மூட்டைகள் போயின. காரும் தெருமுனைக்கு அப்பால் அகலமான சாலைக்கு மாறியது. அந்த இரண்டு காரியங்களையும் முதல் வாரத்திலேயே பேசி முடித்திருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. கோபம் வருமுன் நேரில் போய்ப் பேசுவோம். சுவரில் எழுதி ஒட்டுவதைவிட அது மேலானது. வண்டியின் முன்கண்ணாடிக்குள் நம் தொலைபேசி எண்ணை வைப்போம். ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, மாதம் ஒருமுறை பக்கத்தை மாற்றுவது என்று தெருவினர் கூடி முடிவு செய்யலாம். ஒவ்வொரு தெருவிலும் கூடும் நம் அன்பியங்கள் இதற்கு முன்கை எடுத்து, பிற சமயத்து அயலாரையும் அழைத்துப் பேசலாம். பேசித் தீராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சமரசச் சட்டத்திலும், ஒரு பகுதி மக்களின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கென்றே சமூக சமரசம் என்ற வழி இடம்பெற்றிருக்கிறது. வாசலை அடைத்து, அழைத்தும் வராதவர்மீது காவல்துறையிடம் புகார் கொடுப்பதில் தவறில்லை. அது கடைசிப் படியாக இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன நாம் நம்மையும் பார்க்க வேண்டும். ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தில் நம் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் வாசலில் நிற்பவை யாருடைய வண்டிகள்? "ஒரு மணி நேரம்தானே" என்று நாம் நினைக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் உள்ளே இருப்பவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம். திருவிழா நாள்களில் இந்தத் தொல்லை இரவு முழுவதும் நீள்கிறது. ஆபிரகாமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் இடத்துக்காகச் சச்சரவு வந்தபோது, மூத்தவரான ஆபிரகாமே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை லோத்துக்கு விட்டுக்கொடுத்தார் எனத் தொடக்கநூல் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரரின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால் முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னவர் நம் ஆண்டவர். ஆலய வாசலில் நாம் மண்டியிடும்போது, பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

வரும் ஞாயிறு வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் நடந்து வருவோம். திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பேச்சு நின்றுபோன வீடு நம் தெருவில் இருந்தால், அந்தக் கதவை நாமே முதலில் தட்டுவோம்.